எருமைக்கு ஒரு சீசா அகில்

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நல்ல பெயர் வாங்கப் போய், ஒரு பெரிய மனிதரின் நல்ல பெயரைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்வது மன்னிப்புக்காக அல்ல. அதற்குப் பிறகும் நான் பெரிதாகத் திருந்திவிடவில்லை என்று என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இத்தனை முட்டாள்தனத்தையும் ஒரே பகலில் செய்து முடிக்கிற சுறுசுறுப்பு பின்னாளில் எனக்கு வாய்க்கவே இல்லை.

கீழக்குயில்குடியில் என் தாய்மாமாவுக்கு நாலு ஏக்கர் நஞ்சையும், ஒரு கறவை எருமையும், ஒரு பைத்தியமும் இருந்தன. பைத்தியம் அத்தரில். மல்லிகை, ரோஜா என்று கல்யாண வீட்டில் பூசிவிடுவதெல்லாம் அவர் கணக்கில் அத்தரே இல்லை. அகில் மரத்துக்குள் நோய் விழுந்து, கட்டை கறுத்து, அதை ஊறப்போட்டு வடித்தெடுக்கிற எண்ணெய் ஒன்றுதான் அத்தர். வயலிலிருந்து வந்து குளித்துவிட்டு, மீசையின் இரண்டு முனையிலும் ஈர்க்குச்சியால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். அத்தை சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டால், "இரு, இப்பத்தான் கட்டை வாசம் எறங்குது" என்பார். சோறு ஆறும்.

இந்தப் பைத்தியத்தில் அவருக்கு இருந்த ஒரே கூட்டாளி சிம்மக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர். மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அத்தரை மீசையில் வைக்க மாட்டார். பஞ்சில் நனைத்துக் காது மடலுக்குள் செருகிக்கொள்வார். மாதம் ஒரு முறை குதிரை வண்டியில் வருவார். இருவரும் ஒரு துளியை நடுவில் வைத்துக்கொண்டு அரை நாள் பேசுவார்கள்.

"இப்ப நனைஞ்ச தோல் வாசம், ராவுத்தரே."

"தோல் போயி ரொம்ப நேரமாச்சு மாப்ள. இப்ப வெல்லம் காச்சுற கொட்டகை. நல்லா மோந்து பாருங்க."

வெளியே நின்று கேட்டால் வரப்புத் தகராறு என்றுதான் தோன்றும். உள்ளே இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யார் எந்தச் சீசாவைக் கொண்டுவந்தாலும் மூடியை மோந்து பார்த்து முடிவு சொல்லக் கூடாது. "மூடியில எல்லாமே அத்தர்தான்டா," என்று மாமா என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். "தோல்ல காலையில வச்சா பொழுது சாயுற வரைக்கும் மாறிக்கிட்டே நிக்கணும். அப்பத்தான் யோக்கியன்." அந்தத் தோலும் சுத்தமான தோலாக இருக்க வேண்டும். மாமா பொடி போடுகிறவர், ராவுத்தர் வெற்றிலை போடுகிறவர். இரண்டு பேர் மேலும் ஏற்கெனவே ஏதாவது ஒரு அத்தர் குடியிருக்கும். ஆகவே பள்ளிக்கூடம் விட்டு விடுமுறைக்கு வருகிற நான்தான் அவர்களுக்கு எழுதாத சிலேட்டு. நான் அதுவரை எந்த வேலைக்கும் தகுதியானவன் என்று யாரும் சொன்னதில்லை என்பதால் இந்த உத்தியோகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போன கோடை அது. பர்மாச் சரக்கு நின்றது. அஸ்ஸாம் மலைப்பக்கம் முழுக்கப் பட்டாளம் என்று அந்தச் சரக்கும் நின்றது. இருக்கிற சீசாதான் இனி. ராவுத்தரிடம் அஸ்ஸாம் அகில் ஒரு சீசா இருந்தது, கட்டைவிரல் உயரம், தார் மாதிரி கறுப்பு. மாமா அதை ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்; ராவுத்தர் ஏழு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ராவுத்தரின் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. தாய்ப்பால் போதவில்லை. டவுனில் கிடைத்த பாலில் வைகைத் தண்ணீர்தான் பாதி. குழந்தைகள் நாளுக்கு நாள் இளைத்தன. மாமாவே வாய்விட்டுச் சொன்னார்: "எருமையைப் பிடிச்சிட்டுப் போங்க. சீசாவக் குடுங்க."

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"எருமை இந்த வாசலத் தாண்டுச்சுன்னா, அதுக்குப் பின்னாடியே நானும் தாண்டிருவேன்."

அத்தை சொன்னால் செய்கிறவள். ஒரு முறை செய்தும் இருக்கிறாள்.

குறித்த நாள் காலையில் ராவுத்தர் வந்தார். வண்டிக்காரர் கையில் புதுக் கயிறு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அத்தை அம்மி அரைக்கிற சத்தம் இரண்டு மடங்கானது. என் வலது மணிக்கட்டைத் துடைத்துவிட்டு, ராவுத்தர் ஈர்க்குச்சியால் ஒரு துளி வைத்தார். வைத்த உடனே கிடா கட்டிய கொட்டிலுக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது எனக்கு. மாமாவின் கண்கள் சொருகின.

"ஆரம்பம் இப்படித்தான் இருக்கணும்," என்றார்.

பக்கத்திலேயே இருந்தால் மூக்குப் பழகி ஏமாற்றிவிடும் என்பதும் அவர்கள் சட்டத்தில் ஒன்று. ஆகவே இருவரும் மலையடிவாரத்து ஆலமர நிழலுக்குப் போய்விட்டார்கள். பொழுது சாயும்போதுதான் வருவார்கள். எனக்கு உத்தரவு: ஓடக் கூடாது, வேர்க்கக் கூடாது, கையை எதிலும் தேய்க்கக் கூடாது. நானும் அறைக்குள் கையைத் தலையணைமேல் நீட்டி வைத்துக்கொண்டு ஜமீன்தார் போல உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மாமா மகள் வந்தாள். எனக்கு ஒரு வயது இளையவள். அவளை எனக்குத்தான் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பேசி, அதை நான் ஒருவன் மட்டும் நம்பியிருந்த காலம். வாசலிலேயே நின்று பாவாடை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, வீட்டுக்குள்ள கிடா வந்திருச்சு."

"நான்தான் இருக்கேன்," என்றேன்.

"அதத்தான் சொல்றேன்."

போய்விட்டாள். கொல்லையில் அவள் சிரிப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வதும் கேட்டது. ஐந்தாறு முகங்கள் ஜன்னலில் வந்து மூக்கைப் பொத்திவிட்டுப் போயின. ஆண்மகன் எவ்வளவுதான் பொறுப்பான். நேரே கிணற்றடிக்குப் போனேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தேன். எரிச்சலில் கண்ணீர் வந்தபிறகுதான் கிடா போனது.

கிடா போன பிறகு புத்தி வந்தது. வெயில் கிணற்று மேடையின் பாதிக்கு வந்திருந்தது. கயிறு மாட்டுவதற்காக எருமையை வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டியிருந்தார்கள். மாமாவின் கை எப்படி இறங்கும் என்பது என் முதுகுக்கு நன்றாகத் தெரியும்.

சுவர் மாடத்தில் மாமாவின் பெட்டி இருந்தது. உள்ளே பதினொரு சீசாக்கள். பத்தையும் அவர் மாற்றி மாற்றிப் பூசுவார். எதை வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பதினோராவது, வெல்வெட் துணியில் சுற்றிய ரங்கூன் சீசா. மாமா வாலிபத்தில் ரங்கூன் அரிசி ஆலையில் மூன்று வருடம் மூட்டை தூக்கி, சம்பாத்தியம் முழுவதற்கும் அந்த ஒரு சீசாவை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு கப்பல் இறங்கியவர். "என் மூணு வருசம் இதுக்குள்ள இருக்கு," என்பார். அதை அவர் பூசியதே இல்லை. தீர்ந்துவிடுமே. நல்ல நாளில் மூடியைத் திறந்து மோந்துவிட்டு மூடிவைப்பார். ராவுத்தர் வந்தால் அவருக்கும் ஒரு மோப்பம் கொடுப்பார்.

என் மூளை பிரமாதமாக வேலை செய்தது. பூசாத அத்தரை மாமாவுக்கு அடையாளம் தெரியாது. அவரிடம் இருப்பதிலேயே உயர்ந்தது என்பதால் நிச்சயம் பிடித்துப்போகும். ராவுத்தர் சரக்கு பிரமாதம் என்பார் மாமா, குழந்தைகளுக்குப் பால், மாமாவுக்குச் சீசா, எனக்கு முதுகு. அத்தை மட்டும்தான் மிச்சம். அது பெரியவர்கள் பாடு. மணிக்கட்டில் ஒரு துளி எடுத்து வைத்துக்கொண்டு, துணியைச் சுற்றி இருந்த இடத்தில் வைத்தேன்.

பொழுது சாய்ந்தது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை மோந்தார். புருவம் சுருங்கியது. வெளியே போய்க் காற்றை இழுத்துவிட்டு வந்து மூன்றாம் முறையும் மோந்தார்.

"ராவுத்தரே, மரமே இல்லையே."

ராவுத்தர் சிரித்தார். "விளையாடாதீங்க மாப்ள."

"வெளையாடல. செத்துப்போச்சு. வெறும் எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனமும்தான் நிக்குது. கலப்படம் இது."

அம்மிச் சத்தம் நின்றுவிட்டது. வண்டிக்காரர் கயிற்றை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "காலையில எனக்கே மணந்துச்சே," என்று அவர் முனகியதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"கையக் காட்டு தம்பி," என்றார் ராவுத்தர்.

நீட்டினேன். அவர் ஒரே ஒரு முறைதான் மோந்தார். பிறகு தோல் சிவந்திருந்த இடத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு சுவர் மாடத்தைப் பார்த்தார். இதோ சொல்லப் போகிறார் என்று முதுகைச் சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டேன்.

"சரிதான் மாப்ள," என்றார். "எனக்குக் குடுத்தவன் ஏமாத்திட்டான் போல."

மாமா அதோடு விட்டிருக்கலாம். ஏழு வருட ஆசை கெட்டுப்போன கோபம் அவருக்கு.

"இருவது வருசப் பழக்கத்துக்கு இதக் கொண்டாந்து எருமையைக் கேக்கலாமா? ஒங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

ராவுத்தர் தன் சீசாவைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். அத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை வாய் நிறைய, "மோர் குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று உபசரித்தாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. மாடத்திலிருந்து பெட்டியை இறக்கி, வெல்வெட்டைப் பிரித்து, ரங்கூன் சீசாவின் மூடியைத் திறந்து மோந்தார். முகம் விரிந்தது. அதை அப்படியே ராவுத்தரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது அத்தரு. சொல்லுங்க, இது எப்படி?"

ராவுத்தர் குனிந்து மூடியை மோந்தார்.

"இது வேற, மாப்ள," என்றார். "இது மாதிரி வராது."

வண்டி கிளம்பிவிட்டது. எருமை கத்தியது. அத்தை எனக்கு ஒரு பணியாரம் அதிகமாகக் கொடுத்தாள். அதைத் தின்னாமல் தட்டிலேயே வைத்தேன். அந்த இரண்டு குழந்தைகளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவை ஒன்றாகச் சேர்ந்து அழுவது எனக்குக் கேட்டது. கொல்லை வழியாக ஓடினேன். கண்மாய்க் கரை திரும்புகிற இடத்தில் வண்டியைப் பிடித்துச் சக்கரத்தோடு ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்: கிடா, சாம்பல், தேங்காய் நார், மாமாவின் சீசா. "இப்பவே வந்து மாமாகிட்டச் சொல்லிர்றேன். அடிச்சா அடிக்கட்டும். எருமை ஒங்களுக்குக் கெடைச்சிரும்."

ராவுத்தர் வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் சொன்ன பதிலை என் முதுகைக் காப்பாற்றச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, இப்படியும் ஒரு நல்ல மனிதரா என்று துள்ளிக்கொண்டு வீடு திரும்பியவன் நான். அவருக்கு என் முதுகைப் பற்றி அன்று ஒரு கவலையும் இல்லை என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. வண்டியிலிருந்து குனிந்து, வண்டிக்காரருக்குக் கேட்காத குரலில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ரங்கூன் சீசான்னு எனக்குத் தெரியும்டா, ஒங்க மாமாவுக்குத் தெரிய வேணாம், போ."