இறக்கைக்குள் இருப்பவன்

விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவனுக்கு எலி என்று பெயர். ஆள் அவ்வளவு ஒடிசல். விமானத்தின் எரிபொருள் இறக்கைக்குள்தான் இருக்கும். அதைக் காலி செய்து, காற்றடித்து வாடையைப் போக்கிய பிறகு ஆள் உள்ளே போக இறக்கையின் அடியில் ஓர் ஓட்டை உண்டு. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மற்றவர்கள் தோளைக் குறுக்கி, மூச்சை அடக்கி, நாலு கெட்ட வார்த்தை சொல்லித்தான் நுழைய வேண்டும். எலி சட்டைக்குள் கை நுழைப்பதுபோல் போய்விடுவான்.

உள்ளே குழாய் இணைப்புகளை மாற்றுவது அவன் வேலை. பறக்கும்போது இறக்கை வளைந்து கொடுக்கும். குழாய்களை விறைப்பாகப் பூட்டினால் முறிந்துவிடும். அதனால் இரண்டு குழாய் முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, மேலே ஒரு வளையம் போட்டு மூடுவார்கள். முனைகள் ஒன்றையொன்று தொடாது. ஆனால் வளையத்தின் வழியே மின்சாரம் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். எரிபொருள் ஓடுகிற வேகத்தில் குழாயில் மின்சாரம் சேரும். அது போக வழியில்லாமல் ஒரு பொறி பறந்தால் கதை முடிந்தது. ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் அளந்து பார்க்க வேண்டும். எலி உள்ளே இரண்டு பக்கமும் கம்பியை வைப்பான். வெளியே மீட்டரைப் பார்த்துச் சொல்பவர் ஒட்டகம்.

ஒட்டகம் அவனைவிட மூத்தவர், நெட்டையான மனுஷர். உள்ளே ஆள் இருக்கும்வரை அவர் ஓட்டையடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. மயங்கி விழுந்தால் வேறு எப்படித் தெரியும்?

"எலி, இருக்கியாடா?"

"இருக்கேண்ணே."

"மீட்டர்ல ஒண்ணும் காட்டலியே."

"வளையம் சரியா உட்காரலண்ணே. கழட்டித்தான் மாட்டணும்."

"மெதுவா மாட்டு. எங்க போகப் போறோம்."

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். ஒட்டகம் தன் மனைவியின் குறட்டை, பக்கத்து வீட்டு நாய், முழங்கால் வலி என்று அளப்பார். தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவள் வேண்டாம் என்று சொன்னதை எலி இந்த ஜென்மத்தில் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறான், அதுவும் இறக்கைக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு. இறங்கி வந்துவிட்டால் இருவருக்கும் வாய் பூட்டிக்கொள்ளும். "வரேண்ணே", "ம்". ஒருவர் பஸ்ஸுக்கு, ஒருவன் சைக்கிளுக்கு.

எலிக்கு இருந்தது ஒற்றை அறை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் துவைத்த சட்டைகள் உட்கார்ந்திருக்கும். தங்கை எப்போதாவது போன் செய்து, "சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்டுவிட்டு, குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள். சில சாயங்காலங்களில் யாரும் கேட்காமலேயே அவன், "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து வெட்கப்படுவான்.

ஒட்டகம் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வந்தவர் சரியான ஊமைக்கோட்டான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ, இறக்கையில் டொக் டொக்கென்று தட்டுவார்; எலி பதிலுக்குத் தட்ட வேண்டும். விதிக்கு அது போதும். இத்தனை வருஷம் போய்வந்த இருட்டில் எலிக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. செத்துப்போனவன் கைகூட ஆடித் தட்டுமோ என்று அசட்டுத்தனமாக நினைத்துக்கொண்டான். ஒட்டகத்தின் அந்த ஒரு குரலும் போன பிறகு அவனைக் கூப்பிட உலகத்தில் நாதியில்லை.

விடுமுறை நாளில் துணிந்து ஒட்டகத்தின் வீட்டுக்கே போய்விட்டான். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளிச்சமான அறை. ஒட்டகம் விசிறியைப் பார்த்தார். எலி தன் செருப்பைப் பார்த்தான்.

"வெயில் ஜாஸ்தி," என்றார்.

"ஆமாண்ணே."

டீ கொண்டுவந்த ஒட்டகத்தின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேர்ந்து வேலை பார்த்தவங்களா, கோர்ட்டுல கேஸ் நடத்துறவங்களா?"

இருவரும் அசடு வழிந்தார்கள். ஒட்டகம் மறுபடி விசிறியைப் பார்த்தார். இனி இங்கே வருவதில் அர்த்தமில்லை என்று எலிக்குத் தோன்றியது. டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று சமையலறைக்குப் போனான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"குழாய் ஒழுகுதே, அண்ணி?"

"உங்க அண்ணன்கிட்ட மாசக்கணக்கா சொல்றேன். அந்தக் காதுல விழணுமே!"

ஒரு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் தலையும் தோளுமாக நுழைந்தான். ஈரவாடை, இருட்டு. இணைப்பில் ரப்பர் வளையம் கோணிக்கொண்டிருந்தது. அதை நேராக்கும்போது வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எலி, இருக்கியாடா?"

வளையத்தைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"டேய் எலி!" குரல் பதறியது.

"இருக்கேண்ணே."

"பதில் சொல்லித் தொலைடா, பயந்துட்டேன்." நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு, "காலைல எழுந்தா யாரைக் கூப்பிடுறதுன்னே தெரியலடா. அவளைக் கூப்பிட்டா, 'சும்மா எதுக்குக் கூப்பிடுறீங்க'ன்னு எரிஞ்சு விழறா. உன் பேரு அப்பப்ப வாய்ல வந்துடுது."

எலி இருட்டில் சிரித்தான். அழுதான் என்றும் சொல்லலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஒட்டகம் பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட கதையை ஆரம்பித்தார். எலி ஊமைக்கோட்டானைப் பற்றிச் சொன்னான். "தட்டுறானா? நீ என்ன கதவா!" என்று வெளியே ஒரே சிரிப்பு. நட்டு இறுகி, ஒழுகல் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"முடிஞ்சுதாடா?"

எலி ஸ்பேனரை எடுத்து, நட்டைச் சத்தமில்லாமல் ஒரு சுற்றுத் தளர்த்தினான். ஒரு சொட்டு அவன் கன்னத்தில் விழுந்தது.

"இல்லண்ணே, வளையம் சரியா உட்காரல. கழட்டித்தான் மாட்டணும்."

"மெதுவா மாட்டு," என்றார் ஒட்டகம். "எங்க போகப் போறோம்."