சொல்தா தூணுக்குச் சுண்ணாம்பு

சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டதும் அது சீறிக்கொண்டு கொதிக்கும் சத்தமும், மூக்கின் உள்ளே போய்க் கிள்ளும் அந்தச் சூடான வாசனையும் எனக்கு எப்போதும் தேர்தலைத்தான் நினைவுபடுத்தும். மற்ற ஊர்களில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்களாம். உப்பளம் பகுதியில் எங்கள் தெருவுக்குத் தேர்தல் வந்தால்தான் பொங்கல், ஏனென்றால் கட்சிக்காரர்களே தங்கள் செலவில் நம் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்து, நடுவில் கட்சியின் பெயரையும் பக்கத்தில் ‘ரிசர்வ்’ என்ற சொல்லையும் எழுதிவிட்டுப் போவார்கள். அப்படி எழுதிய சுவரை இன்னொரு கட்சிக்காரன் தொடக்கூடாது. வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.

தெரு முனையில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் தூண் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து போய்த் திரும்பாத எங்கள் பகுதி ஆட்களின் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் அதில் வெட்டியிருந்தார்கள். பட்டாளத்துக்காரரை எங்கள் பக்கம் ‘சொல்தா’ என்போம் என்பதால் அது ‘சொல்தா தூண்’. பால்காரர் சைக்கிளைச் சாய்த்து வைக்கவும், ஆடுகள் முதுகைச் சொறிந்துகொள்ளவும், ஓடிப்பிடித்து விளையாடும்போது நாங்கள் தொட்டுத் தப்பிக்கவும் அது தாராளமாக இடம் கொடுத்தது. அதிலிருந்த பெயர்களை வாசிக்கத் தெரிந்தவர் தெருவிலேயே ஒருவர்தான், எதிர்வீட்டுத் தெரேஸ் மதாம்.

அந்தப் பெயர்களில் ஒன்று அவருடைய அப்பாவுடையது. மதாம் கைக்குழந்தையாக இருந்தபோது பட்டாளத்தோடு சைகோனுக்குக் கப்பலேறியவர். செய்தி வந்தது, உடல் வரவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் அவரவர் சமாதியைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்க, மதாம் மட்டும் தெருவைக் கடந்து வந்து, தூணைக் கழுவி, அப்பாவின் பெயருக்கு நேர் கீழே ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுப் போவார். அப்பா என்று அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வரிதான்.

அந்த வருஷம் தேர்தல் பேச்சு அடிபட்டபோது, எங்கள் தெருக் கட்சிக்காரர் கோதண்டத்தின் ஆட்கள் சுவர் கிடைக்காத ஆத்திரத்தில் தூணையே பிடித்துவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் பெயர்களின் மேல் ஊதா நிற ஆயில் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் ‘ரிசர்வ்’. மதாம் கையில் துடைப்பத்தோடு, பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“மோந்தியே! செத்தவங்களையே ரிசர்வ் பண்ணிட்டானுங்களா?”

அந்தச் சத்தத்துக்கு உப்பளம் மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்திருப்பார்கள். கோதண்டம் ஓடி வந்தார். நிஜமாகவே வெலவெலத்துப் போயிருந்தார்.

“மதாம், பசங்க தெரியாம பண்ணிட்டானுங்க. இங்கிலீசு மாதிரி இருந்துதா, ஏதோ கம்பெனி வெளம்பரம்னு நெனச்சிட்டானுங்க. சாயந்தரத்துக்குள்ள சுத்தமா பண்ணிக் குடுத்துடறேன்.”

அவர் சொன்ன சொல் தவறாதவர். ஆனால் கட்சிக்காரருக்குச் சுத்தம் என்றால் சுண்ணாம்பு. அதைத் தவிர வேறு பரிகாரம் அவருக்குத் தெரியாது. சாயந்தரம் தூண் பளபளவென்று வெள்ளையாக நின்றது. மதாமும் தூரத்திலிருந்து பார்த்து, அந்த அசிங்கம் மறைந்த நிம்மதியில், “மெர்சி” என்று நன்றி சொன்னார்.

நல்ல பெயரை எல்லாம் கோதண்டமே தட்டிக்கொண்டு போவதை எதிர்க்கட்சி ஏழுமலை பார்த்துக்கொண்டிருப்பாரா? மறுநாளே நீலம் கலந்து இரண்டாவது பூச்சு பூசினார், மாலை போட்டார், ஆட்களைக் கூட்டி, “வெள்ளையனை விரட்டிய தியாகிகள் வாழ்க!” என்று கோஷமும் போட்டார்.

“யோவ், எங்கப்பா வெள்ளக்காரன்கிட்டதான்யா சம்பளம் வாங்கினாரு!” என்று மதாம் ஜன்னலிலிருந்து கத்தினார்.

“தியாகின்னா தியாகிதான் மதாம், நாங்க பேதம் பாக்கறதில்ல” என்றார் ஏழுமலை, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

இரண்டு கட்சிக்கும் தகராறு வந்துவிடுமோ என்று பயந்து அரசாங்க ஆட்களும் வந்து மூன்றாவது பூச்சு பூசி, அடியில் காவிப் பட்டையும் இழுத்துவிட்டுப் போனார்கள். அவமானப்பட்ட ஒரு தூணுக்கு இத்தனை மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் மதாம் வாளியோடு தூணைக் கழுவ வந்தார். கையால் தடவினார். தூண் வழவழவென்று இருந்தது. எழுத்துப் பள்ளமெல்லாம் சுண்ணாம்பு நிரம்பி ஒரு பெயர்கூட இல்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிறவர் அன்று கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, “எங்கப்பா எங்க?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. பெரிய மனிதர்கள் அப்படிச் சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

சுண்ணாம்பைச் செதுக்கி எடுக்கக் கோதண்டம் உளியோடு வந்தார். “உளிய வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்” என்று மதாமுக்குக் குரல் திரும்பியது. அப்போது என் அம்மாதான் வழி சொன்னார்.

“நம்ம உப்புத்தண்ணி காய்ச்சற குண்டான்ல வெள்ளையா படியுதே, அத நான் எதுல எடுக்கறேன்? மதாம் வூட்டு வினிகர்லதான். சுண்ணாம்பும் அந்த ஜாதிதானே?”

மதாம் வீட்டில் சாலட்டுக்காக வைத்திருந்த புட்டிகள் வந்தன, கடையிலிருந்த புட்டிகளும் வந்தன. வீட்டுக்கு வீடு பழைய பல் துலக்கும் பிரஷ் வந்தது. ஊற்ற ஊற்றத் தூண் நுரைத்தது, தெருவே ஊறுகாய் ஜாடிபோல மணத்தது. இந்தப் பக்கம் கோதண்டம், அந்தப் பக்கம் ஏழுமலை, நடுவில் பிள்ளைகள் நாங்கள் என்று ஆளுக்கொரு பிரஷ்ஷோடு உட்கார்ந்து கல்லுக்குப் பல் விளக்கினோம். முதலில் வெளியே வந்தது எது தெரியுமா? ஊதா நிற ‘ரிசர்வ்’. ஆயில் பெயின்ட் அல்லவா, அது மூன்று பூச்சுக்கும் அசையாமல் உள்ளே பத்திரமாக இருந்தது. ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். கோதண்டம் வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் எடுத்துவந்து தானே துடைத்தார்.

பிறகுதான் எழுத்துப் பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒரு வரி தெரிந்ததும், “மதாம், இவரா?” என்று கேட்போம். “அது லூர்துசாமி. நல்லா தேயி, அவருக்கும் யாராவது இருப்பாங்க இல்ல” என்பார். பொழுது சாயும் நேரத்தில் ஏழுமலை தேய்த்த இடத்தில் மதாம் சட்டென்று கையை வைத்தார். பள்ளத்தில் விரலை விட்டு எழுத்து எழுத்தாகத் தடவி, “சவரிமுத்து” என்றார். பிறகு கல்லைப் பார்த்தே பேசினார்.

“இவ்ளோ வருஷமா நான் ஒருத்திதான் வந்துகினு இருந்தேன். இன்னிக்குப் பாருப்பா, தெருவே உன்னப் பாக்க வந்து ஒக்காந்திருக்கு.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், வினிகர் நெடி என்றார். மறுநாள் மதாமின் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் நிறைய மெழுகுவத்திகள் எரிந்தன. இரண்டு கட்சிக்காரர்களும் ஏற்றியவை அவற்றில் இருந்தன.

இப்போது சுவர் எழுத்தே இல்லை, எல்லாம் ஃபிளெக்ஸ் பேனர்தான். தூணைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறதென்று கேட்டால் ஆளுக்கொரு அலுவலகத்தைச் சொல்கிறார்கள். ஆடும் அண்ட முடியாது, மெழுகுவத்தியும் எட்டாது. மகனோடு பிரான்சில் இருக்கும் மதாம் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எனக்கு போன் செய்வார். போன முறையும் கம்பிக்கு வெளியே நின்றுதான் பேசினேன்.

“பேரு தெரியுதா?”

“நல்லா தெரியுது மதாம்.”

“எவனாவது கிறுக்கி வெச்சிருக்கானா?”

“ஒண்ணுமே இல்ல மதாம். புதுசு மாதிரி இருக்கு.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“ஒரு கிறுக்கல்கூட இல்லையா? அப்போ அந்தப் பக்கம் யாருமே வர்றதில்லன்னு சொல்லு.”