பார்க்காமலே ஒட்டச் சொன்ன உறை

மூன்று கோடைகளுக்கு முன்னால் நடந்தது. கேரளத்தில், பாலக்காடு பக்கத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். பாலக்காடு டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

அந்தப் பக்கம் மாசி பிறந்தாலே கிணறுகள் வற்றிவிடும். லாரியில் குடிதண்ணீர் கொண்டு போய் ஊற்றத்தான் வேண்டும். யார் ஊற்றுவது என்று வருடா வருடம் கொட்டேஷன் கேட்போம். விலையையும் சான்றிதழ்களையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, குறித்த நேரத்துக்குள் பெட்டியில் போட வேண்டும்.

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஒரு பெண்மணிதான் ஊற்றினார். கணவர் இறந்தபின் அவருடைய டேங்கர் லாரியைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டவர். சின்ன வண்டி. எங்கள் பஞ்சாயத்தின் கடைசியில், மேட்டின் மேல் இருபது வீடுகள் உண்டு. அந்தக் குறுகிய பாதையில் பின்பக்கமாகவே வண்டியை ஏற்றிக்கொண்டு போய், வாசல் வாசலாகக் குடங்களை நிரப்பிவிட்டு வருவார்.

அன்று மூன்று மணிக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டு மணிவாக்கில் ஒட்டாத உறையோடு என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், எல்லாம் மலையாளத்துல இருக்குது, எனக்கு எழுத்து பிடிபட மாட்டேங்குது. காயிதமெல்லாம் செரியா இருக்குதுங்களான்னு ஒருக்கா பாத்துச் சொல்றீங்களா?"

நான் போனில் இருந்தேன். முக்கியமான பேச்சு ஒன்றுமில்லை. டவுனுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன், அது எந்த மேஜையில் கிடக்கிறது என்று ஒரு தோழியிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பழைய ஆள்தானே, எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒட்டிப் போட்டுடுங்கோ" என்றேன். அவர் நம்பி ஒட்டினார். என் கண் முன்னால்தான் பெட்டியில் போட்டார்.

செக்ரட்டரி அறையில், உறை போட்டவர்கள் முன்னிலையில் பிரித்தார்கள். மொத்தம் மூன்று. அவருடைய விலைதான் குறைவு. ஆனால் தண்ணீர்ப் பரிசோதனைச் சான்றிதழ் போன வருடத்தது. இந்த வருடத்துச் சான்றிதழை வாங்கி வைத்திருந்தும், ஒரே மாதிரி இருந்ததால் பழையதை மாற்றி வைத்துவிட்டார். ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்குத் தேதி தெரிந்திருக்கும்.

"புதுசு வண்டியிலதானுங்க இருக்குது, ரெண்டு நிமிசத்துல எடுத்தாந்தர்றேனுங்க" என்று எழுந்தார். உறையைப் பிரித்த பிறகு எந்தக் காகிதமும் வாங்க முடியாது என்பது விதி. செக்ரட்டரிக்கும் மனசு கேட்கவில்லை. போடுவதற்கு முன்னால் ஆபீஸில் யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"இல்லீங்க சார். நாந்தானுங்க பாக்காம உட்டுட்டேன்."

நான் அங்கேயே பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னிடம் காட்ட வந்தார், நான்தான் பார்க்காமல் அனுப்பினேன் என்று சொல்லியிருந்தால், அலுவலகத்தின் பிழை என்று எழுதி மறுபடி கொட்டேஷன் கேட்க வழி இருந்தது. எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், மாற்றல் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். சொல்லாமல் பேனாவைத் திறந்தேன். அவருடைய கொட்டேஷனைத் தள்ளியதாகப் பதிவேட்டில் எழுதியதும் என் கைதான்.

வேலை வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. அவருடைய பெரிய லாரி மேட்டுப் பாதையில் ஏறாது. கீழே ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். மேட்டுப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து ஏறினார்கள். புகார் கடிதங்கள் என் மேஜைக்குத்தான் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அடுக்கி வைத்தேன். ஆடி மாதம் எனக்கு மாற்றல் கிடைத்தது.

போன வருடம் கஞ்சிக்கோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். ஏதோ ஃபாக்டரியின் நீலக் கோட்டுப் போட்டிருந்தார். லாரியை அந்த வருடமே விற்றாயிற்றாம். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாராம். அன்று நான் பேசாமல் நின்றதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்றும் கேட்டேன்.

"சொன்னா உங்க வேலைக்குக் கேடு வருமோன்னு தோணுச்சுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னும் கொஞ்சம் நெனச்சேனுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அவருடைய பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, "இப்ப மேட்டு ஊட்டுக்காரங்களுக்குத் தண்ணி மேல வரைக்கும் போகுதுங்களா?" என்று கேட்டார்.

பழைய ஆபீஸ்காரர்கள் சொல்லி எனக்குத் தெரியும்; இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் அப்போதுதான் வாடியது.

இப்போதும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கடைசி வரி வரை படித்துவிடுகிறேன். ஆனால் நான் பேசியிருக்க வேண்டிய அந்த ஒரு நொடி மட்டும், எத்தனை காகிதம் படித்தாலும் எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.