பாவு சுருட்டும்வரை ஒரு பயிற்சியாளர்

சின்ன காஞ்சிபுரத்தில் தெருவை அடைத்து, தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளான பட்டுப் பாவை நீட்டியிருக்கிறார்கள். இழைகளைத் தாண்டக் கூடாதாம்; சுருட்டும்வரை எங்கள் டாக்சி நிற்கிறது. கூட வந்த நண்பர் போன வருஷம்வரை இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். இன்றிரவு ஒரு குட்டித் தீவு நாட்டு அணிக்குப் பயிற்சி கொடுக்க விமானம் ஏறுகிறார். மனைவிக்குப் புடவை எடுக்க வந்து இப்படி மாட்டிக்கொண்டார்.

அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டபடி, நண்பர் கதையைக் கேட்ட நெசவாளர் விசாரிக்கிறார்.

"அந்த நாட்ல எவ்ளோ ஜனம் சார்?"

"நம்ம காஞ்சிபுரம் அளவுகூட இருக்காது."

"அப்ப இன்னா கவலை? இங்க தோத்தா நாடே திட்டுது. அங்க வீடு வீடா போய் சமாதானம் சொல்லிக்கினு வந்துடலாம்."

நண்பர் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கிறார்.

"அதாங்க பயமே. அங்க கோல் விட்டாக்கூட கோல்கீப்பரைத் திட்ட முடியாது. மூணு வேளையும் அவர் வீட்லதான் எனக்குச் சாப்பாடு ஏற்பாடு."