கன்னியப்பன் வீட்டு அடுப்பு

பிள்ளையார்பாளையத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த தர்மனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மகள் கிருஷ்ணவேணியைப் பெண் பார்க்க வந்த அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தவர் அவர். மாப்பிள்ளை காசிநாதன் ஐயம்பேட்டையில் வாத்தியார். குலதெய்வம் எது என்று இரு வீட்டாரும் கேட்டுக்கொள்ளத்தான் செய்தார்கள். “மாகறல் பக்கம்” என்றார் இவர். “எங்களுக்கும் அந்தப் பக்கந்தான்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா மாணிக்கவாசகம். அந்தப் பக்கம் ஊருக்கு ஓர் அம்மன் உண்டு. எந்த அம்மன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தர்மன் பேச விட்டிருக்க மாட்டார்.

முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்கப் போன வெள்ளிக்கிழமை விஷயம் வெளியே வந்தது. பொன்னியம்மன் கோயில் வாசலில், மஞ்சள் தடவிய அதே பத்திரிகையோடு மாணிக்கவாசகம் நின்றிருந்தார். அப்போதாவது தர்மன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “நாங்க கன்னியப்பன் வம்சம், சம்பந்தி! ஏரிக்கு மதகு கட்டுன கன்னியப்பன்!” என்று வழக்கமான பெருமையை எடுத்துவிட்டார்.

மாணிக்கவாசகத்தின் முகம் வெளுத்தது. “எங்கப்பாவோட தாத்தாவும் அவருதாங்க. அப்போ நாம பங்காளிங்க. இந்தப் பசங்க அண்ணன் தங்கச்சி ஆவுதே.”

பத்திரிகைகள் இரண்டும் அம்மன் காலடிக்குப் போகாமலே வீடு திரும்பின. கிருஷ்ணவேணி அழவுமில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அதைத்தான் தர்மனால் தாங்க முடியவில்லை. எந்தக் காலத்திலோ செத்துப்போன, முகம்கூடத் தெரியாத ஒரு மனுஷன் தன் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதா? கன்னியப்பனுக்கு எத்தனை பிள்ளைகள், தன் தாத்தா ஏழுமலை அதில் மூத்தவரா இளையவரா, எதுவும் அவருக்குத் தெரியாது. ஏழுமலை இவர் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவோ, எப்போது கேட்டாலும் “நாம கன்னியப்பன் வூடு” என்பதோடு நிறுத்திக்கொண்டவர். எங்காவது ஒரு இடுக்கு கிடைக்காதா என்று கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தினமும் மாகறலுக்கு மிதித்தார். ஊரில் வயதானவர்களையெல்லாம் துளைத்தெடுத்தார். கடைசியில் பூசாரி முனுசாமியைக் கோயிலிலேயே மடக்கினார்.

“ஆடிப் பொங்கலுக்கு வருசா வருசம் வர்றியே தர்மா, வந்து என்னா செய்வே?” என்றார் முனுசாமி.

“ஏரித் தண்ணி கொண்டாந்து எல்லாப் பானையிலயும் ஊத்துவேன். எங்க வூட்டு மரியாதையாச்சே அது.”

“அதோ, அந்த மூணாவது அடுப்பு யாருது?” என்று, கோயில் முற்றத்தில் பங்காளி வீட்டுக்கு ஒன்றாக வரிசையாக இருந்த பொங்கல் அடுப்புகளைக் காட்டினார் முனுசாமி.

“கன்னியப்பன் வூட்டுது. ரொம்பக் காலமா காலியாத்தான் கெடக்குது.”

“நீதான் கன்னியப்பன் வம்சமாச்சே. அதுல ஒருநாளாவது உங்கப்பா பானை வெச்சாரா? நீ வெச்சியா?”

தர்மன் அந்த அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்த அடுப்பு. ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

முனுசாமி தன் அப்பா சொன்னதைச் சொன்னார். தாது வருஷப் பஞ்சத்தில் சனங்கள் கூட்டங்கூட்டமாக இந்த வழியே நடந்தார்கள். ஏரிக்கரையில் செத்துக் கிடந்த ஒருத்தியின் பக்கத்தில், பேர் சொல்லவும் தெரியாத ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. கன்னியப்பன் தூக்கிவந்து கஞ்சி ஊற்றினார், ஏழுமலை என்று பேர் வைத்தார், வளர்த்துக் கல்யாணமும் பண்ணிவைத்தார். ஆனால் பங்காளிகள் பானை வைக்க மட்டும் விடவில்லை. ஏழுமலை சண்டைக்குப் போகவில்லை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டார். கன்னியப்பன் பெற்ற பிள்ளைகளின் வீட்டார் பிழைக்க ஊரைவிட்டுப் போன பிறகு அந்த அடுப்பு காலியாயிற்று. அந்தத் தாய் எந்த ஊர், என்ன சாதி, யாருக்கும் தெரியாது.

“இத வெளிய சொல்லாதன்னு உங்கப்பா என் கையப் புடிச்சிக்கினு கேட்டாரு தர்மா” என்றார் முனுசாமி.

கல்யாணத்துக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் என்ன வழி! பங்காளி இல்லை என்றால், பின்னே யார் என்று கேட்பார்களே. சொல்லாவிட்டால் கல்யாணம் நிற்கும், சொன்னாலும் நிற்கலாம். சைக்கிளை மிதித்தபடியே தர்மன் அழுதார். பெருமை போனதற்கா, கரையில் கிடந்த அந்தத் தாய்க்கா என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடும் என்று பயந்து, நேராக ஐயம்பேட்டைக்கு விட்டார்.

நாற்காலி போட்டும் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். “எங்க தாத்தா யாரு பெத்த புள்ளைன்னு எனக்குத் தெரியாதுங்க. இனிமே உங்கள சம்பந்தின்னு கூப்புடலாமான்னும் தெரியல.”

“சாதி தெரியாத எடத்துல எப்படிங்க...” என்று மாணிக்கவாசகத்தின் மனைவி உள்ளிருந்து ஆரம்பித்தாள்.

மாணிக்கவாசகம் உள்பக்கம் திரும்பி, “கஞ்சி ஊத்தறப்போ எங்க கன்னியப்பன் கேக்கலையே. அவரு கேக்காதத நான் கேக்கறதா?” என்றார். தர்மனிடம், “மொதல்ல உக்காருங்க, சம்பந்தி” என்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அந்த வருஷம் ஆடிப் பொங்கலுக்கு ஐயம்பேட்டையார் குடும்பத்தோடு வந்தார்கள். தர்மன் வழக்கம்போல ஏரித் தண்ணீரை ஒவ்வொரு பானையிலும் ஊற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் புதுப்பானையை ஏற்றிவிட்டு, கன்னியப்பன் வீட்டு மருமகளாகக் கிருஷ்ணவேணி நின்றிருந்தாள். தர்மன் குடத்தைச் சாய்த்தார்.

“பாத்து ஊத்துப்பா” என்றாள் அவள், “பானை வழிஞ்சி அடுப்பு அணைஞ்சிடப் போவுது.”