மாமாவின் மோட்டார் சைக்கிள்

பெட்ரோல் நெடி அடித்தால் எனக்கு மாமாதான் நினைவுக்கு வருவார். அறுபதுகளில், திருப்பூர் பக்கத்தில் பருத்தித் தூசி பறந்த நெருப்பெரிச்சல் ஊரில், எங்கள் வீதியில் அந்த நெடி மாமாவின் மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு எங்கிருந்தும் வராது. யாராவது பகட்டாக நடந்தால் "பெரிய மோட்டார் சைக்கிளு" என்று கேலி செய்வார்கள். வண்டியின் பெயரைவிட மிடுக்கின் பெயராகவே அந்தச் சொல் எங்களிடம் புழங்கியது.

சின்னதாகப் பனியன் துணி பின்னும் கொட்டகை வைத்திருந்த மாமா, துணி உருளைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சலவைப் பட்டறைக்குப் போவார். வெள்ளைத் துணியில் கறை பட்டால் போச்சு என்கிற பயம் பனியன்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. அதனால் சங்கிலிக்குக் கிரீஸ் போடவே விடமாட்டார். பின்னல் மெஷின் ஊசிகளுக்கு விடும் தண்ணீர் போன்ற எண்ணெயைத்தான் அதற்கும் விடுவார். சங்கிலி காய்ந்து கிறீச்சிட்டது. மெஷினுக்குப் போதுமானது வண்டிக்கும் போதும் என்று அவர் நம்பினார்.

அத்தைக்குத் தலைப்பிரசவ வலி கண்ட காலையில், திருப்பூர் ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியிலேயே கிளம்பினார்கள். அதுவரை எங்கள் வீதிப் பெண்கள் யாரும் மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை. அத்தை பின்னால் ஒருக்களித்து உட்கார, பெண்துணை வேண்டுமென்று எட்டு வயதுச் சிறுமியான என்னை டேங்க்கின் மேல் உட்கார வைத்தார்கள். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் சங்கிலி அறுந்தது.

"ஏனுங்க, நான் எறங்கி நடக்கறனுங்க" என்றார் அத்தை. வலியில் முகம் வெளுத்திருந்தது.

"நீ எறங்காத புள்ள" என்ற மாமா, என்னை மட்டும் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். அவர் கண்கள் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். சாலையோரம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த சலவைப் பட்டறை ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"நீங்க கைப்பிடிய மட்டும் புடிச்சுக்குங்க, தள்றதுக்கு நாங்க இருக்கறமுங்க" என்றார் அவர்களில் ஒருவர்.

நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அவர்கள் யாரும் கையை எடுக்கவில்லை. இன்று நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது அந்தச் சாலையில் குறுக்கே கடக்க முடியாத அளவுக்கு வண்டிகள். எல்லாம் "பைக்கு", வெறும் "வண்டி". அந்த முழுப் பெயரைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அன்று பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகு, "இந்த நிலைமையில எதுல வந்தீங்க?" என்று நர்சம்மா கேட்டபோது, வெட்கத்தில் தலைகுனிந்து நின்ற மாமாவைப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னார்:

"எங்க ஊட்டுக்காரரு மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டு வந்தாருங்க."