கதிரவேலர் தெருவுக்குள் நட்ட பூவரசுகள்

பெரிய மனிதர்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள், அவர்கள் பிறந்த வேளையில் என்ன நட்சத்திரம், மழை பெய்ததா என்றெல்லாம் விசாரிப்பது வழக்கம். கதிரவேலர் பிறந்த வேளையில் கிளிவெட்டியில் அவருடைய தகப்பனார் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பிற்காலத்தை விளக்க இது ஒன்றே போதும்.

பூவரசங் கிளையை வெட்டி எல்லையில் வரிசையாக நட்டால் வேர்விட்டுத் தழைத்துவிடும். இதற்குக் கதியால் என்று பெயர். பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நடும்போது பழைய குழியிலேயே நடுகிற மனிதன் ஊரில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அயலவனுடைய பக்கமாக ஒரு சாண் தள்ளித்தான் நடுவார்கள். இதைக் களவு என்று சொல்வது பாவம். கை தானாகப் போகிறது. அயலவனும் தன் முறை வரும்போது ஒரு சாண் இப்பால் நடுவதால் உலகம் ஒருவாறு சமநிலையில் நிற்கிறது.

கதிரவேலருக்கு வாய்த்த அயலவர், மனைவி நல்லம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் முருகேசு. இருவருக்கும் நடுவிலிருந்த வேலி பன்னிரண்டு வருடம் முன்னும் பின்னும் நடந்தது. கடைசியில், “உன்ர முகத்திலை இனி முழிக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டுக் கதிரவேலர் மனைவியோடு திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார். ஆளில்லாத அந்த வீட்டு வளவில் முருகேசரின் வேலி இந்நேரம் குசினி அடுப்பு வரை வந்திருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு.

ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த வருடம் அது. துறைமுகத் தெருவில் ஒரு படையினர் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டி முடித்தார்கள். எந்தப் படை என்பது யுத்த இரகசியம். நான் இரகசியங்களைக் காப்பாற்றுகிறவன். ஊர் வீடுகளெல்லாம் தரையோடு கிடந்த காலமாகையால் சல்லிக் கிராமத்திலிருந்துகூடச் சனம் வந்து கழுத்து நோக அண்ணாந்து பார்த்தது. மேல் மாடிக்காரர் வாய் கொப்பளித்தால் கீழ் மாடிக்காரரின் கதி என்ன என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை.

கட்டடம் பெரிதுதான், ஆனால் அதன் காலடி மொட்டையாகக் கிடந்தது. வாசலில் புல்லும் தெருவோரம் நிழல்மரமும் வேண்டுமென்றார் பொறுப்பான துரை. தோட்டவேலைக்குக் கதிரவேலர் எடுக்கப்பட்டார். துறைமுகப் பகுதிக்குள் நடமாட ஒரு பாஸ், கட்டடத்தின் பின்னால் ஓர் அறை, வாசலிலேயே தண்ணீர்க் குழாய். நல்லம்மா அந்தக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தே இரண்டு நாளைக் கழித்தாள்.

புல் முளைத்தது. நிழல்மரத்துக்குக் கதிரவேலர் தமக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டார்: தெருவின் எல்லைக் கற்களை ஒட்டிப் பூவரசங் கதியால்களை நட்டார். முதல் வரிசை வெயிலில் கருகியது. இரண்டாவதை ஆடு தின்றது. மூன்றாவதை லொறி மிதித்தது. ஒவ்வொரு முறை மாற்றி நட்டபோதும் கை தானாகத் தெருப்பக்கம் போனது. துரைமாருடைய காணி பெரிதாகையால் சாணுக்குப் பதிலாக இரண்டடி. நான்காவது வரிசை கல்லிலிருந்து ஆறடி தள்ளி, தெருவுக்குள், மாரி மழையோடு செழித்து வளர்ந்தது.

தை பிறந்ததும் ஒரு காலையில் இரண்டு லொறிகள் அந்த இடத்தில் நேருக்குநேர் வந்து நின்றன. ஒன்றுக்கும் விலக இடமில்லை. துறைமுகத்தின் பாதி யுத்தம் மத்தியானம் வரை அங்கேயே நின்றது.

அன்று பின்னேரம் கிளாக்கர் சிவகுருநாதன் கதிரவேலரைத் தேடி வந்தார். துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வதும் அவருடைய உத்தியோகம்.

“கதிரவேலர், நாளைக்குத் துரை அளக்கப் போறார். பிளானிலை றோட்டு இருபத்துநாலடி. இப்ப பதின்மூண்டுதான் இருக்கு. ஆரின்ர பிழை எண்டு தெரிஞ்சால் அந்தாளின்ர பாஸைப் பறிச்சுப்போட்டு ஊருக்கு அனுப்பச் சொல்லிப்போட்டார்.”

ஊர் என்றால் கிளிவெட்டி. கிளிவெட்டி என்றால் முருகேசு. சொந்த வீடு இந்நேரம் பாழாகியிருக்கும்; முருகேசரின் வளவில், அவருடைய சோற்றைத் தின்றுகொண்டு, தம்முடைய காணியில் அவருடைய வேலி நிற்பதைத் தினமும் பார்க்க வேண்டும்.

நல்லம்மா சட்டிபானைகளை ஒரு சீலையில் கட்டத் தொடங்கினாள்.

“என்ன செய்யிறாய்?”

“அண்ணை வாசலிலை நிண்டு சிரிப்பார். அதுக்கு நான் வெளிக்கிட வேண்டாமோ?”

கதிரவேலர் குழி தோண்டும் அலவாங்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். கதியால்களைப் பிடுங்கிக் கல்லோரம் நட்டுவிடலாம் என்பது எண்ணம். ஆயுளில் முதல் தடவையாகத் தாம் நட்டது பட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஏங்கினார். ஒன்றும் அசையவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு படையின் பண்டசாலை. அதன் தோட்டக்காரர், மூதூர் ஆதம்பாவா, அங்கே தம்முடைய கதியால் ஒன்றைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஆதம்பாவா நானா, நீங்களுமோ?”

“பின்னே? நீங்க ரெண்டடி வந்தீங்க, நானும் வந்தன். உட்டுக் குடுக்கேலுமா?”

“நான் முதல் நட்டனான் எண்டதுக்குச் சாட்சி இருக்கு!”

“அந்தச் சாட்சிய நாளைக்குத் துரைக்கிட்டச் சொல்லுங்க. நல்லாக் கேப்பார்.”

மறுநாள் காலை இரண்டு படைத் துரைமாரும் வந்தார்கள். இருவரும் அதிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அதாவது இருவருக்கும் ஆகாது. முதலில் கதிரவேலர் பக்கம் அளந்தார்கள். கல்லிலிருந்து ஆறடி. துரையின் காது சிவந்தது.

“இதை நட்டது ஆர் எண்டு கேக்கிறார்,” என்றார் கிளாக்கர்.

“நட்டது நான்தான் ஐயா. ஆனால் இவ்வளவு தூரம் வந்தது அதுகள்.”

கிளாக்கர் சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். துரை பாஸுக்காகக் கையை நீட்டினார். கதிரவேலர் மடியை அவிழ்க்கத் தொடங்கினார்.

அதற்குள் அளவு நாடா எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே ஐந்தடி.

துரையின் கை நீட்டியபடியே நின்றது. மறுபடி அளக்கச் சொன்னார். ஐந்தடிதான்; தம் பக்கத்தைவிட ஓரடி குறைவு. தாமே குனிந்து நாடாவைப் பிடித்து மூன்றாம் முறையும் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. கோட்டில் வழக்கு வென்று கிளிவெட்டிக்குத் திரும்பிய பலருடைய முகத்தில் அந்த வெளிச்சத்தைக் கதிரவேலர் கண்டிருக்கிறார். முருகேசரிடம் இரண்டு தடவை.

எதிர்ப்பக்கத் துரையும் கணக்குப் பார்த்தார். பின்வாங்கச் சொன்னால் தாமும் ஐந்தடி பின்வாங்க வேண்டும். யுத்த காலத்தில் ஒரு படை பின்வாங்கியதாகப் பெயர் வந்தால் மேலிடம் என்ன சொல்லும்? இருவரும் கைகுலுக்கினார்கள். தெருவின் இரு முனையிலும், இனி இது ஒருவழிப் பாதை என்று பலகை போடுவதாகத் தீர்மானமாயிற்று.

கூட்டம் கலைந்ததும் துரை கிளாக்கரை அழைத்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். கிளாக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

“பாஸை வைச்சிருக்கட்டாம். மரங்கள் நிக்கிற இடத்திலேயே நிக்கட்டாம். ஆனால் ஒண்டு...”

“என்ன?”

“அந்தப் பக்கத்தான் கதியால் மாத்திற அண்டைக்குத் தனக்கு உடனை வந்து அறிவிக்கட்டாம்.”

கதிரவேலர் அறைக்கு வந்தபோது மூட்டை வாசலில் தயாராக இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய்க் குழாயைத் திறந்து, முகம், கழுத்து, கால் எல்லாவற்றையும் ஆறுதலாகக் கழுவினார். முதல் நாளிலிருந்து மறந்திருந்த பசி வந்தது.

“அவிட்டு விடு. சோத்துப் பானை எதுக்குள்ளை?”

நல்லம்மா முடிச்சை அவிழ்த்தாள். “அப்ப பாஸ்?”

கதிரவேலர் மடியைத் தட்டிக் காட்டினார்.

“துரை அவ்வளவு நல்ல மனுசனோ?”

கதிரவேலர் யோசித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை மரியாதையோடு எடுத்தார்.

“உன்ர அண்ணை முருகேசரைப் போலை ஒரு மனுசன்,” என்றார்.